தாதிப் படிப்பு: சான்றிதழ் வேறு, பதிவு வேறு

சில காலத்துக்கு முன் ஓட்டமாவடியிலிருந்து ஒரு தாய் தம் மகளின் சான்றிதழொன்றைக் கொண்டுவந்து எம்மிடம் காட்டினார். காப்புச் சோடியை ஈடு வைத்துக் கட்டிய பணம். ஓராண்டுப் படிப்பு. பொன்னிற எழுத்தில் பளபளக்கும் தாள். அதை நம்பி மகள் வேலைக்குப் போய் நின்றபோது, எதிரே இருந்தவர் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "பதிவு இலக்கம் என்ன, பிள்ளை?" அந்தத் தாளில் அப்படியோர் இலக்கம் இல்லை.

படிப்பித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மகள் கெட்டிக்காரி, தாயும் விபரமறியாதவர் அல்லர். பணம் கட்டுமுன் கேட்கவேண்டிய கேள்வியை அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். உயர்தரப் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு இதை வாசிக்கும் மாணவ மாணவியரே, அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

வாகனம் ஓட்டத் தெரிவது ஒன்று. சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பது இன்னொன்று. தாதித் தொழிலும் அப்படியே. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டிலே தாதியர் பேரவைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்து, பரீட்சையில் சித்தியடைந்து, பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் ஒருவர் பதிவு பெற்ற தாதி. ஆகவே எந்த வாசலில் ஏறினாலும் முதலிற் கேளுங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் என் பெயர் தாதியர் பதிவேட்டில் ஏறுமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். பேரவையிடமோ சுகாதார அமைச்சிடமோ நீங்களே கடிதம் எழுதியும் உறுதிப்படுத்தலாம். ஒரு முத்திரைச் செலவு, ஒரு சோடிக் காப்பைக் காப்பாற்றக்கூடும்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு அருகிலேயே இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினால் அங்கே அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. மூன்று வருடப் பயிற்சி. கட்டணம் கட்டுவதற்குப் பதிலாக, பயிற்சிக் காலத்திலேயே மாதக் கொடுப்பனவு பெறலாம். பலருக்கு இது தெரியாது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களிற் சித்தி வேண்டும். ஆட்களைச் சேர்க்கும் அறிவித்தல் வர்த்தமானியில் வரும். வயது, உயரம், சாதாரண தரப் பெறுபேறு பற்றிய நிபந்தனைகள் அதிலே இருக்கும். ஒரு வரி விடாமல் வாசியுங்கள். இறுதித் திகதியைச் சுவர்க் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

மற்றது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம். அங்கே நான்கு வருடத் தாதியப் பட்டப்படிப்பு உண்டு. இசற் புள்ளி போதுமானவர்கள் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இதை மறக்காமல் எழுதவேண்டும். தாதி என்றதும் பெண்பிள்ளைகளை மட்டும் எண்ணிக்கொள்ளவேண்டாம், தம்பிமாருக்கும் இடமுண்டு.

தனியார் நிறுவனங்களெல்லாம் பொய் என்று நாம் சொல்லவில்லை. பதிவுக்கு வழிவிடும் படிப்புகளும் உண்டு, விடாதவையும் உண்டு. முதியோரையும் நோயாளரையும் வீட்டிலே பராமரிக்கும் பயிற்சிக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அது நேர்மையான தொழில், வருமானமும் தரும். ஆனால் அதைத் தாதிப் படிப்பென்று பெயர் சூட்டி விற்பதுதான் குற்றம்.

வெளிநாட்டு உறவினரின் பேச்சும் நம் பிள்ளைகளைக் குழப்புவதுண்டு. "இங்கே சமுதாயக் கல்லூரியில் இரண்டே வருடம் படித்துத் தாதியாகிறார்கள்" என்று அமெரிக்காவிலுள்ள மாமா சொல்லுவார். அவர் சொல்வது மெய்யே. உலகப் போருக்குப் பின் அங்கே தாதியருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மில்ட்ரெட் மொன்ராக் என்ற அம்மையார் அந்த யோசனையை முன்வைத்தார். 1952இல் அது பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. இன்றும் இரண்டு வருடம் படித்தவரும் பட்டதாரியும் ஒரே அனுமதிப் பரீட்சைக்கே தோற்றுகிறார்கள். ஆனால் கனடாவின் ஒன்ராறியோவில், 2005 முதல், பதிவு பெற்ற தாதியாகப் புதிதாகச் சேர்பவருக்குப் பட்டம் கட்டாயம். சித்தி இருக்கும் நாட்டின் விதி வேறு, மாமா இருக்கும் நாட்டின் விதி வேறு. எங்கே போனாலும் கடைசியிற் கேட்பது பதிவைத்தான்.

இனி, படிப்பு எப்படியிருக்கும்? உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், மருந்தியல், போசாக்கு என்று பாடங்கள் வரும். வகுப்பைப் போலவே வாட்டிலும் படிப்பு; இரவுக் கடமையும் உண்டு. ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வாங்குவோர் பலர். 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். ஆகவே விளங்கிக்கொள்ளத் தமிழ் தடையல்ல. தமிழில் விளங்கிக்கொண்டு, ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். மருந்துக் குறிப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் நடுச்சாமத்தில் ஒரு மூதாட்டி "நெஞ்சு கரிக்குது மகள்" என்று சொல்வது தமிழில்தான். இரண்டையும் விளங்கியவரே அங்கே வேண்டும்.

எமக்கு ஆங்கிலத்தைவிடக் கணக்கைப் பற்றித்தான் கவலை. ஒரு நோயாளிக்கு 500 மில்லிலீற்றர் சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்றவேண்டும். குழாயில் 20 துளி சேர்ந்தால் 1 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு எத்தனை துளி? 500ஐ 20ஆற் பெருக்க 10,000 துளி. 4 மணித்தியாலம் 240 நிமிடம். வகுத்தால் ஏறக்குறைய 42. எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் விடிய மூன்று மணிக்கு, நித்திரைக் கண்ணோடு, பிழையில்லாமற் செய்யவேண்டும். வேகம் கூடினால் பலவீனமான இருதயம் தாங்காது.

இன்னுமொன்றை நீங்களே செய்து பாருங்கள். பரசிற்றமோல் பாணி 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 10 கிலோ நிறையுள்ள குழந்தைக்கு வைத்தியர் எழுதியது 150 மில்லிகிராம். எத்தனை மில்லிலீற்றர் கொடுப்பீர்கள்?

விடை: 6.25. 62.5 என்று எழுதியவர்கள் புள்ளியை மறுபடி பார்க்கவும்.