உயரம்: ஒரு சொல்லாராய்ச்சி

உயரம் என்னும் சொல்லுக்குப் பொருள் தேடி அகராதியைப் புரட்டுவார் எவரும் இலர். பனை உயர்ந்தது, வடலி தாழ்ந்தது என்பதை எழுத்தறியாச் சிறுவனும் அறிவான். ஆயினும், இத்தகைய எளிய சொற்களே அறிவுத் துறைகளுட் புகுந்தவிடத்துப் பெரிதும் இடர் விளைக்கின்றன. கேத்திரகணித ஆசிரியர் கூறும் உயரமும், நில அளவையாளர் கூறும் உயரமும், வானநூலார் கூறும் உயரமும் ஒன்றல்ல. ஒரே நாளில் மூன்று பாடங்களில் மூன்று உயரங்களைக் கேட்கும் மாணவன் மயங்குவது வியப்பன்று. ஆனால் இவ்வேறுபாடுகளை ஊன்றி நோக்குமிடத்து, அவையனைத்தும் ஒரு வினாவிலே வந்து நிற்பதைக் காணலாம். எதிலிருந்து, எதுவரை அளந்த உயரம் என்பதே அவ்வினா.

முதலில் நம் இலக்கணத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழிலே பெயர்ப்பாகுபாடு உயரத்தைக் கொண்டே தொடங்குகின்றது. மக்கட் பெயர் உயர்திணை. ஏனைய அல்திணை, அஃதாவது உயர்வு அல்லாத திணை. யானை மனிதனிலும் ஓங்கி நிற்பினும் அஃறிணையே. ஈண்டு அளவுகோல் அறிவேயன்றி அடிக்கணக்கன்று. அவ்வாறே சிறப்பும்மை. “இவ்வினாவுக்கு அதிபரும் விடை கூறார்” என்பது உயர்வு சிறப்பு. “முதலாம் வகுப்புச் சிறுவனும் விடை கூறுவான்” என்பது இழிவு சிறப்பு. இரண்டிடத்தும் உம்மை ஒன்றே. கேட்போன் மனத்திலே முன்னரே அமைந்துள்ள ஒரு மட்டத்திலிருந்துதான் அது மேலோ கீழோ செல்கின்றது. அதிபரைப் பற்றி ஒன்றும் அறியாதவனுக்கு அந்த உம்மையில் உயர்வும் இல்லை, இழிவும் இல்லை.

ஒலிநூலார் உயிரெழுத்துக்களை நாவின் உயரத்தாற் பகுப்பர். அவர் கணக்கில் இகரமும் உகரமும் மேலுயிர், அகரம் கீழுயிர். நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் உகரத்தை இதழ்குவிவாலும் அகரத்தை அங்காப்பாலும் விளக்கினரேயன்றி நாவின் உயரத்தை அளவையாகக் கொண்டிலர். புதிய முறைப்படி நோக்கின், உயரம் என்னும் சொல்லை ஒலிக்கும்போது நா உகரத்தில் மேலெழுந்து அகரத்திற் கீழிறங்குகின்றது. சொல்லின் பொருள் ஏற்றம். நாவின் செயலோ இறக்கம்!

கேத்திரகணிதத்தில் உயரத்துக்கும் வானத்துக்கும் தொடர்பில்லை. முக்கோணியின் எப்பக்கத்தையும் அடியாகக் கொள்ளலாம். எதிர் உச்சியிலிருந்து அவ்வடிக்கு வரையும் செங்குத்தே குத்துயரம். ஆகவே ஒரு முக்கோணிக்கு உயரங்கள் மூன்று. விரிகோண முக்கோணியில் அவற்றுள் இரண்டு, உருவத்துக்கு வெளியே, நீட்டிய அடியின்மேல் விழும். உயரம் என்றவுடன் தாளின் மேற்புறத்தை நோக்கும் பழக்கமுடைய மாணவன் இங்கேதான் தடுமாறுகின்றான். கூம்புக்குக் குத்துயரம் வேறு, சாயுயரம் வேறு. கனவளவுக்கு முன்னையது, வளைபரப்புக்குப் பின்னையது. பரீட்சை மண்டபத்தில் இவ்விரண்டும் இடம் மாறுவதற்குக் காரணம் கணித அறிவின் குறைவன்று. இரண்டுக்கும் பொதுவாய் நிற்கும் அச்சொல்லேயாம்.

இனி மலைக்குச் செல்வோம். பீதுருதாலகால மலையின் உயரம் 2524 மீற்றர் என்று பூமிசாத்திரம் கூறுகின்றது. நுவரெலியாவில் நின்று அதனை அண்ணாந்து நோக்குவோன் அத்துணை உயரத்தைக் காண்பதில்லை. அந்நகரமே ஆறாயிரம் அடிக்கு மேலே அமைந்திருத்தலின் எஞ்சியதையே காண்கின்றான். மலையின் உயரம் அதன் அடிவாரத்திலிருந்து அன்று, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. கடலோ ஏறுவதும் வற்றுவதுமாய் ஓயாது அசைவது. பல்லாண்டு அதனை நோக்கிக் கண்ட நடுமட்டத்தை எடுத்து, அது நிலத்தின் அடியிலும் தொடர்ந்து பரந்திருப்பதாகப் பாவித்து, அப்பாவனைக் கடலிலிருந்து மலையை அளக்கின்றனர். இமயத்தின் கீழே கடல் ஏது? ஆயினும் எவரெஸ்ற்றின் உயரம் அவ்வாறே கூறப்படுகின்றது.

அவ்வுயரத்தின் வரலாறு படிக்கத்தக்கது. 1856 ஆம் ஆண்டில் இந்திய நில அளவைத் திணைக்களத்தார், நூறு மைலுக்கும் அப்பாலிருந்து தியோடலைற்றினால் நோக்கிய ஏற்றக்கோணங்களைக் கொண்டு, அதனை 29,002 அடி என அறிவித்தனர். கணக்கு 29,000 அடி என்றே வந்ததாகவும், முழு எண்ணாய் இருப்பதாற் குத்துமதிப்பென்று பிறர் எண்ணுவர் என அஞ்சி இரண்டடி கூட்டியதாகவும் ஒரு செய்தி வழங்குகின்றது. 1955 இல் வெளியான இந்திய அளவையின்படி உயரம் 8848 மீற்றர். 2005 இற் சீன அளவையாளர் 8844.43 மீற்றர் என்றனர். மலை நான்கு மீற்றர் குறைந்துவிட்டதா? இல்லை. சீனர் பாறையின் உச்சிவரை அளந்தனர். நேபாளத்தார் அதன்மேல் உறைந்த பனியையுஞ் சேர்த்துக் கூறினர். 2010 இல் இரு நாட்டாரும், இரண்டு எண்களும் தத்தம் பொருளிற் கொள்ளத்தக்கனவே என உடன்பட்டனர். பின்னர் இரு நாட்டாரும் இணைந்து, பனியுட்பட 8848.86 மீற்றர் என 2020 டிசெம்பரில் அறிவித்தனர். எதுவரை என்னும் வினாவை முதலிலேயே கேட்டிருப்பின், ஐந்தாண்டுப் பிணக்குக்கு இடமிருந்திராது.

எதிலிருந்து என்பதை மாற்றினால் மலைகளின் வரிசையே மாறும். பூமி துருவங்களிலே தட்டையானது. மத்திய கோட்டில் அதன் ஆரை துருவ ஆரையினும் ஏறக்குறைய 21 கிலோமீற்றர் மிகுந்தது. பூமியின் மையத்திலிருந்து அளப்போமாயின், முதலிடம் எவரெஸ்ற்றுக்கன்று, மத்திய கோட்டை அடுத்து எக்குவதோரில் உள்ள சிம்பொராசோவுக்கே உரியது. கடல்மட்டக் கணக்கில் அது 6263 மீற்றரே. நமது பீதுருதாலகாலமும் இக்கணக்கில் நன்மை பெறுகின்றது. கடல்மட்டத்திலிருந்து அளக்கும்போது எவரெஸ்ற்று அதனிலும் ஆறு கிலோமீற்றருக்கு மேல் உயர்ந்தது. மையத்திலிருந்து அளக்கும்போதோ அவ்வேறுபாடு ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றராகச் சுருங்குகின்றது. உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம்.

இலங்கையர் அறிந்திருக்க வேண்டிய புதுமை இன்னொன்றுண்டு. கடல்மட்டமும் எங்கும் ஒரே சீரானதன்று. பூமியின் ஈர்ப்பு இடந்தோறும் வேறுபடுதலின், கடற்பரப்பு சிலவிடங்களில் மேடாயும் சிலவிடங்களிற் பள்ளமாயும் அமைகின்றது. உலகிலே மிக ஆழமான அத்தகைய பள்ளம் நம் தீவுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. பூமியின் வடிவாகக் கணிதத்தால் வரையறுத்த சீரான உருண்டையிலிருந்து நோக்கின், அங்கே கடல் ஏறக்குறைய 106 மீற்றர் தாழ்ந்திருக்கின்றது. செய்மதிக் கருவிகள் நேரே தரும் உயரம் அவ்வுருண்டையிலிருந்து பெறுவதாதலின், நம் கடற்கரையிலே கால் நனையாது நிற்பவனுக்கும் அவை நூறு மீற்றருக்கு அண்மையான தாழ்வைக் காட்டும். திருத்தம் செய்த பின்னரே நாம் பழகிய உயரம் கிடைக்கும்.

வானநூலில் உயரம் ஒரு நீளமே அன்று, அது கோணம். அடிவானத்திலிருந்து விண்மீன் எத்தனை பாகை எழுந்து நிற்கின்றது என்பதே அதன் ஏற்றம். துருவ நட்சத்திரத்தின் ஏற்றம் ஏறக்குறைய நாம் நிற்கும் இடத்தின் அட்சக்கோட்டுக்குச் சமம். யாழ்ப்பாணத்தின் அட்சக்கோடு ஏறக்குறைய 9 பாகை 40 கலையாதலின், வடகடலின்மேல் பத்துப் பாகைக்குட் பட்ட தாழ்விலேயே அதனைத் தேடவேண்டும். ஞாயிறோ சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலிலே நம் தலைக்கு நேர் மேலே நிற்கின்றது. நட்ட கோலின் நிழலோடு பனையின் நிழலை ஒப்பிட்டுப் பனையின் உயரங் காணும் பழைய முறை அந்நண்பகலிற் பயன்படாது; இரண்டுக்கும் நிழலே இராது. சோதிடர் கூறும் உச்சம் வேறொன்று. ஞாயிறு மேட இராசியில் உச்சம் என்பது இராசிச் சக்கரத்தில் அதற்குரிய ஓரிடத்தைக் குறிப்பதன்றி வானில் ஏறி நிற்கும் உயரத்தைக் குறிப்பதன்று. இரண்டும் நம் ஊரிற் சித்திரையிலே நிகழ்வதால், ஒன்றையே மற்றதென்று கருதுவார் பலர்.

விமானி காற்றின் அமுக்கத்தை உயரமாக மாற்றிப் படிக்கின்றார். ஓடுபாதையிலிருந்தா, கடல்மட்டத்திலிருந்தா, 1013.25 எக்டோபசுக்கால் அமுக்கமுள்ள மட்டத்திலிருந்தா என்பதைக் கருவியிற் சரிவர அமைக்காவிடின் மலையில் மோதுவார். இசையில் வலிவு, சமன், மெலிவு என்பன அதிர்வெண்ணின் ஏற்றத் தாழ்வுகளே. எண்கணித ஆராய்ச்சியாளர் பின்னத்துக்கும் உயரம் கூறுவர். சுருக்கிய பின்னத்தின் தொகுதி, பகுதி ஆகிய இரண்டிற் பெரியதே அதன் உயரம். 1/2 இன் உயரம் 2. பெறுமானத்தில் அதனின்று சிறிதே வேறுபட்ட 500001/1000000 இன் உயரமோ பத்து இலட்சம். விளையாட்டாகத் தோன்றும் இக்கருத்தைக் கொண்டே மோடெல் என்பார் 1922 இல் நிறுவிய தேற்றம் பின்னர் விரிக்கப்பட்டது.

இவையெல்லாம் ஏட்டுக் கல்வி எனக் கருதுவோர் தம் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்ப்பாராக. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் பத்து மீற்றரைத் தாண்டுவதில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் வில்லை போல மிதக்கின்றது. நன்னீரினும் கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி மிக்கது. ஆதலின் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும். இதனை ஒல்லாந்தரான பாடோன் கைபன் 1888 இலும், யேர்மானியரான ஏர்ஸ்பேக் 1901 இலும் தனித்தனியே எடுத்துக் கூறினர். இக்கணக்கின் மறுபுறமே அஞ்சத்தக்கது. இயந்திரத்தால் இடைவிடாது இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்திவிட்டால், காலப்போக்கில் உவர்நீர் கீழிருந்து நாற்பதடி மேலெழ இடமுண்டு. துலா மிதித்த காலத்தில் இவ்வச்சம் சிறிது. மனிதன் களைத்து நிற்பான், கிணறு ஊறும். இயந்திரம் களைப்பதில்லை. எவரெஸ்ற்றில் நான்கு மீற்றர் கூடினும் குறையினும் எவர் வீட்டு உலையிலும் மாற்றம் இல்லை. நம் கிணற்றில் ஓரடி குறைவது தோட்டத்தையும் குடிநீரையும் ஒருங்கே கெடுக்கும்.

இவ்வுயரத்தை அறிய நம்மவர் பலர் கிணற்றுக்கட்டிலிருந்து கயிறு விட்டுப் பார்ப்பர். அஃது ஆழமேயன்றி நாம் வேண்டும் உயரமன்று. ஒரு கிணற்றிற் கட்டிலிருந்து பதினைந்தடியிலும் அயற்கிணற்றிற் பதினெட்டடியிலும் நீர் காணப்படலாம். இரு கட்டுகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்பதை அறியுமுன், எக்கிணற்றின் நீர் உயர்ந்து நிற்கின்றது என்று கூறல் இயலாது. மேசன்மார் கையாளும் நீர்க்குழாய் மட்டமொன்று இருந்தால் இரு கட்டுகளையும் ஒப்பிட்டுவிடலாம். அதன்பின், நில அளவைத் திணைக்களத்தார் பதித்த மட்டக்குறி அண்மையில் இருக்குமாயின், அதனோடு ஒரு கட்டை இணைத்துக் கொண்டால், கடல்மட்டத்துக்கு மேல் நீர் எத்தனை அடி நிற்கின்றது என்பது தெரியவரும். கார்த்திகையில் ஒரு முறையும் ஆவணியில் ஒரு முறையுமாக இதனைக் குறித்து வைக்கும் பணியை ஒரு வகுப்பு மாணவர் எளிதில் மேற்கொள்ளலாம்.