நம் பெயரைக் காத்துக்கொள்வது எப்படி?

குடும்பங்களுக்கு ஒரு பாடம்



அந்தக் காலத்துத் திருடன் அமாவாசை இருட்டில் கன்னக்கோலோடு வந்தான். நாய் குரைத்தது, அண்டை வீட்டார் விழித்துக்கொண்டனர், "திருடன், திருடன்!" என்று ஒரு குரல் கொடுத்தால் தெருவே தடியோடு திரண்டது. இந்தக் காலத்துத் திருடனோ பட்டப்பகலில், நாம் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போதே போன் வழியாக வருகிறான். நாய் குரைப்பதில்லை. அடுத்த அறையில் இருக்கும் மகனுக்குக்கூடச் சங்கதி தெரிவதில்லை. அவன் கதவை உடைப்பதும் இல்லை. நாமே திறந்து விடுகிறோம்.

இது எங்கோ நடக்கிற காரியமன்று. சைபர் மோசடிகளால் நம் நாட்டு மக்கள் 2023-ஆம் ஆண்டில் சுமார் 7,465 கோடி ரூபாயும், 2024-ஆம் ஆண்டில் சுமார் 22,845 கோடி ரூபாயும் இழந்தார்கள் என்று மத்திய அரசு 2025 ஜூலையில் மக்களவையில் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு! பென்ஷன் பணம், மகள் கலியாணத்துக்குச் சேர்த்த பணம், நிலம் விற்ற பணம், துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பிய பணம், எல்லாம் இதில் அடங்கும். ஆகவே இவ்வாரம் இதைப் பற்றிப் படிப்போம்.

பெயர்த் திருட்டு என்பது யாது?

நமது ஆதார் எண், பான் எண், பாங்கிக் கணக்கு, கடவுச்சொல், கைரேகை, புகைப்படம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, "நான்தான் இன்னார்" என்று பிறரை நம்பச் செய்து ஆதாயம் தேடுவதே பெயர்த் திருட்டு. பிறருடைய கடவுச்சொல்லையோ வேறு தனி அடையாளத்தையோ வஞ்சகமாகப் பயன்படுத்துகிறவனுக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பணத்தைத் திருடினால் பணம் மட்டும் போகிறது. பெயரைத் திருடினாலோ, அவன் வாங்கிய கடன் நம் பெயரில் நிற்கிறது. அவன் செய்த குற்றத்துக்குப் போலீசார் நம் வாசலுக்கு வருகிறார்கள். மதுரைக்காரர்களாகிய நமக்கு இது புதிய கதையா? சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் தான் திருடிவிட்டு, அந்தக் களவை அயலூரிலிருந்து வந்த கோவலன் தலையில் ஏற்றினான். பாண்டியனும் ஆர அமர விசாரியாமல் அவசரப்பட்டான். ஒருவனுடைய வஞ்சகமும் மற்றவனுடைய அவசரமும் சேர்ந்து ஊரையே எரித்தன. இன்றைய மோசடிக்கும் இவ்விரண்டும்தான் வேண்டியிருக்கின்றன: அவனுடைய வஞ்சகம், நம்முடைய அவசரம்.

2018-ஆம் ஆண்டில் தெலங்கானாவில் நடந்ததைக் கேளுங்கள். சிம் கார்டு விற்கும் ஒருவன், நிலப் பத்திரங்களில் பதிந்திருந்த கைரேகைகளைப் பிரதியெடுத்து, அவற்றைக் கொண்டு அப்பாவிகளின் பெயரில் ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயங்கச் செய்தான். அந்த ஏழைகள் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. பத்திரம் பதிந்ததைத் தவிர வேறொன்றும் அறியார். ஆகையால், "நான் ஏமாற மாட்டேன்" என்று யாரும் மார்தட்ட வேண்டாம்.

போனில் வரும் பொய்ப் போலீஸ்

இப்பொழுது அதிகமாய் நடக்கும் ஒரு மோசடியை விவரமாகப் பார்ப்போம். இதற்கு "டிஜிட்டல் கைது" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் தனியே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போன் அடிக்கிறது. "மேடம், உங்கள் ஆதார் எண்ணை வைத்து மும்பையில் ஒரு கணக்குத் தொடங்கப்பட்டிருக்கிறது. அதில் கள்ளப்பணம் புழங்குகிறது. உங்களைக் கைது செய்ய உத்தரவு வந்துவிட்டது" என்கிறது ஒரு குரல். உடனே வீடியோ காலில் காக்கிச்சட்டை போட்ட ஒருவன் தோன்றுகிறான். பின்னால் போலீஸ் சின்னம். கையில் முத்திரை குத்திய தாள். அதில் அவருடைய பெயரும் ஆதார் எண்ணும் சரியாகவே இருக்கின்றன. "கேமராவை அணைக்கக் கூடாது. வெளியே போகக் கூடாது. இது ரகசிய விசாரணை; மகனிடம் சொன்னால் அவனையும் பிடிப்போம். பணத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றுங்கள், சோதித்துவிட்டுத் திருப்பித் தருவோம்" என்கிறான். அந்த அம்மாள் நடுங்கிப்போகிறார். வாழ்நாள் முழுவதும் ஒரு காசு திருடாதவர்; ஆகவேதான் "கைது" என்ற சொல்லே அவரைக் கலங்கச் செய்கிறது. மானத்துக்கு அஞ்சுகிறவர்களே இவனுக்கு நல்ல இரை.

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். லூதியானா நகரத்து வர்த்தமான் நூற்பாலைக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்மபூஷண் விருது பெற்றவர், 2024 ஆகஸ்டில் இப்படித்தான் சிக்கினார். மோசக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போலவே காட்சி ஜோடித்து, தலைமை நீதிபதியைப் போல ஒருவனைப் பேசவைத்து, அவரிடமிருந்து 7 கோடி ரூபாயைக் கறந்தார்கள். அவர் போலீசாரிடம் புகார் செய்ததால் சுமார் 5 கோடியே 25 லட்சம் ரூபாய் மீட்கப்பட்டது. பிறர் எச்சரிக்கையடைய வேண்டுமென்று தமக்கு நேர்ந்ததை அவர் வெளிப்படையாகவே பேசினார். அது பாராட்டத்தக்கது.

2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த மோசடியைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அரியானா மாநிலத்து அம்பாலாவில், அந்த நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவு காட்டி ஒரு முதிய தம்பதியரிடம் 1 கோடி ரூபாய்க்கு மேல் பறித்ததே அதற்குக் காரணம். 2025 டிசம்பர் 1-ஆம் தேதி, நாடெங்கும் நடந்த இத்தகைய மோசடிகளை விசாரிக்கும்படி சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது.

இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நம் நாட்டுச் சட்டத்தில் "டிஜிட்டல் கைது" என்று ஒன்று கிடையாது. எந்தப் போலீசும், எந்த நீதிபதியும் வீடியோ காலில் கைது செய்வதில்லை. போனில் பணம் கேட்பதும் இல்லை.

அவனுடைய சாவி எது?

மோசடிகள் பல வேஷம் போடுகின்றன. ஒருவன் அச்சம் காட்டுகிறான்: "இன்றிரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும்." ஒருவன் ஆசை காட்டுகிறான்: "வீட்டிலிருந்தே நாளைக்கு 3,000 சம்பாதிக்கலாம்; போட்ட பணம் மாதத்தில் இரட்டிக்கும்." ஒருவன் பாசத்தைப் பிடிக்கிறான்: "உங்கள் பேரனுக்கு விபத்து, ஆஸ்பத்திரியில் உடனே கட்ட வேண்டும்." இன்னொருவன் பக்தியையும் விடுவதில்லை, பங்குச் சுவாமியாரின் படத்தைப் போட்டு, "அவசரம், கூட்டத்தில் இருக்கிறேன், கொஞ்சம் பணம் அனுப்புங்கள்" என்று செய்தி விடுகிறான். பல நாடுகளில் கோவில் மக்கள் இப்படி மோசம் போயிருக்கிறார்கள். கலியாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது; ஆவலோடு தொட்டதும் போனே பிறன் கைக்குப் போய்விடுகிறது.

வேஷம் பலவாயினும் சாவி ஒன்றே. "உடனே செய், யாரிடமும் சொல்லாதே" என்பதே அந்தச் சாவி. நம்மைத் தனிமைப்படுத்தாமல் அவனால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அந்த ஆசிரியை, "கொஞ்சம் இருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறேன்" என்று எழுந்திருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆகவே நமக்குள்ள பெரிய காவல் பூட்டன்று, இயந்திரமன்று. பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வதே.

முன்னெச்சரிக்கைகள்

முதலாவது: ஓ.டி.பி. எண்ணையும், ஏ.டி.எம். ரகசிய எண்ணையும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பாங்கி மானேஜரே ஆனாலும் அவருக்கு அது தேவையில்லை.

இரண்டாவது: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதில்லை, கியூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. "பணம் அனுப்புகிறேன், எண்ணைப் போடுங்கள்" என்கிறவன் எடுக்க வந்தவன்.

மூன்றாவது: ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போது, எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறோம் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். கடையில் கெட்டுப்போன பிரதியை விட்டுவிட்டு வராதீர்கள். கூடுமானால் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள்.

நான்காவது: கைரேகையைப் பூட்டி வைக்க ஆதார் ஆணையம் வசதி செய்திருக்கிறது. தேவையானபோது திறந்துகொள்ளலாம். விவரத்துக்கு 1947 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

ஐந்தாவது: நம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை, தொலைத்தொடர்புத் துறை 2023-இல் தொடங்கிய "சஞ்சார் சாத்தி" என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம்; நமதல்லாததை அங்கேயே தெரிவிக்கலாம். பழைய போன் நம்பரை விட்டுவிட்டால், பாங்கியில் புது நம்பரைப் பதிய மறவாதீர்கள்.

ஆறாவது: "ஏ.பி.கே." என்று முடியும் கோப்பு யார் பெயரில் வந்தாலும் திறக்காதீர்கள். இப்பொழுது குரலையும் போலியாகச் செய்ய இயந்திரம் உண்டு. தெரிந்தவர் அவசரமாய்ப் பணம் கேட்டால், போனை வைத்துவிட்டு, உங்களிடம் முன்பே உள்ள நம்பரில் நீங்களே அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு உட்கார்ந்திராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பாங்கிக்கும் தெரிவித்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது எந்தக் கணக்கிலாவது நிற்கையில் பிடித்து நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ, அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ எழுத்தில் புகார் கொடுத்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சாட்சி. ரிசர்வ் பாங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையும், நாமே ஓ.டி.பி.யைச் சொல்லி ஏமாந்திருந்தாலும், பாங்கிக்கு அறிவித்த பிறகு போகும் பணம் பாங்கியின் பொறுப்பே என்று கூறிற்று. ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் காசு.

வீட்டிலுள்ள வாலிபர்களுக்கும் மருமக்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பத்தாவோ தாத்தாவோ ஏமாந்து வந்து நின்றால், "உங்களுக்கு அறிவில்லையா, எதற்கு இந்தப் போன்?" என்று சீறாதீர்கள். அந்த ஏச்சுக்குப் பயந்துதான் பெரியவர்கள் மூன்று நாள், ஒரு வாரம் என்று மறைத்து வைக்கிறார்கள். பணமும் அதற்குள் மலையேறிவிடுகிறது. போன பணத்துக்காக அழுது, உள்ளுக்குள்ளேயே உருகி, உயிரையே வெறுக்கிறவர்களும் உண்டு. ஏமாற்றினவனே குற்றவாளி, ஏமாந்தவர் அல்லர். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, 1930-ஐக் கூப்பிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வாலிபர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "உன் பாங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, மாதம் 5,000 தருகிறேன்" என்று எவனாவது சொன்னால் இசையாதீர்கள். திருடிய பணத்தைக் கடத்தவே அந்தக் கணக்கு. ஏதோ ஒரு முதியவளின் கண்ணீர் உங்கள் கணக்கின் வழியாக ஓடும். போலீசாரும் முதலில் உங்களையே தேடி வருவார்கள். பெயர் என்பது பெற்றோர் நமக்கு வைத்துப்போன சொத்து. அதை வாடகைக்கு விடலாகாது.

இரவுச் சாப்பாட்டுக்குப்பின் குடும்பத்தில் வாசிக்க

வினா: போலீஸ் வீடியோ காலில் கைது செய்யுமா?
விடை: செய்யாது. அப்படிச் சொல்கிறவன் திருடன்.

வினா: "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால் என்ன செய்ய வேண்டும்?
விடை: போனை வைத்துவிட்டு, உடனே ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

வினா: பணம் போய்விட்டால் யாரைக் கூப்பிட வேண்டும்?
விடை: 1930. தாமதம் கூடாது.

வினா: வீட்டில் ஒருவர் ஏமாந்தால் மற்றவர் கடமை யாது?
விடை: ஏசாமல், அந்த நிமிஷமே உதவுவது.

இன்றே நாட்காட்டியின் ஓரத்தில் 1930 என்று பெரிய எழுத்தில் எழுதி, சுவரில் மாட்டுங்கள். தனியே இருக்கும் பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால், அவர் வீட்டுக்கும் போய் எழுதிக் கொடுங்கள். "எந்நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள், அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லி வாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு குரல் கேட்டுத் தெருவே திரண்டது. இன்றைக்கும் நமக்கு வேண்டிய காவல் அதுவே.