உறுதியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. அங்கு குடியேறிய தமிழர் வாழ்வில் சுரங்கத்தோடு ஆங்கிலமும் கலந்தது. ஆண்டர்சன்பேட்டையில் வாழும் நம் வாடிக்கையாளர் பலருக்கும் அது புதிய மொழியன்று. எனினும், ஒரு செய்தி எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டும் சொற்களில் இன்றும் கவனம் தேவை.

சுரங்கத் தொழிலிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நிலத்தடித் தாதுவின் இருப்பை மரபாக மூன்றாகப் பகுத்து வந்தனர். அளந்து மெய்ப்பிக்கப்பட்டது ‘ப்ரூவ்டு’; பெரும்பாலும் உண்டு எனக் கருதப்படுவது ‘பிராபபிள்’; இருக்கலாம் என ஊகிக்கப்படுவது ‘பாசிபிள்’. மூன்றாவதை முதலாவதாகக் கொண்டு செலவிட்டால் நட்டமே மிஞ்சும்.

வங்கி ஆவணங்களிலும் இத்தகைய படிகள் உள்ளன. ‘ஷல்’ என்பது ஒப்பந்தத்தில் கட்டாயக் கடமையைக் குறிக்கும். ‘வில்’ நடக்கும் என்பதையும், ‘லைக்லி’ பெரும்பாலும் நடக்கும் என்பதையும் உணர்த்தும். ‘மே’ நம் ‘லாம்’ விகுதியைப் போன்றது. “நீங்கள் பணம் எடுக்கலாம்” என்பது அனுமதி; “வட்டி மாறலாம்” என்பது வாய்ப்பு. ‘மஸ்ட்’ நம் ‘வேண்டும்’ போன்றது. “கையொப்பமிட வேண்டும்” என்பது கட்டாயம். “அவர் வந்திருக்க வேண்டும்” என்பது ஊகம். ‘ஷுவர்லி’ என்ற சொல்லோ பல இடங்களில் பேசுபவரின் நம்பிக்கையை மட்டுமே காட்டும். உறுதியைச் சொல்ல ‘செர்ட்டன்லி’, ‘டெஃபினிட்லி’ ஆகியவையே பொருத்தம்.

‘கேரண்டீட் ரிட்டர்ன்’ உறுதியளிக்கப்பட்ட வருவாய். ‘எக்ஸ்பெக்டட் ரிட்டர்ன்’ எதிர்பார்ப்பு மட்டுமே. ‘சப்ஜெக்ட் டு’ என்ற தொடர் வந்தால், அதன்பின் வரும் நிபந்தனை நிறைவேறினாலன்றி முன்சொன்னது செல்லாது. வீட்டுக்கடனுக்கு ‘இன்-பிரின்சிபிள் அப்ரூவல்’ கிடைத்தால், அது கொள்கையளவிலான இசைவே. சொத்து ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு இறுதி ஒப்புதல் வரும்முன், அதனை நம்பிப் பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்துவிடலாகாது.

தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அவை மீண்டும் திறக்கப்படலாம் என்ற செய்தி அதன்பின் பலமுறை வந்துள்ளது. அத்தகைய செய்திகளில் இருப்பது ‘மே’யா, ‘வில்’லா என்று பார்த்த பின்னரே வீடு வாங்குவதையும் கடன் பெறுவதையும் முடிவு செய்தல் நலம்.

ஆவணத்தில் கையொப்பமிடுமுன் இச்சொற்களை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஐயம் எழுந்தால் கிளை அலுவலரிடம், “இது உறுதியா, எதிர்பார்ப்பா?” என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள்.