கொள்ளு தின்றால் ரத்தம் கட்டுமா?

சோமனூர்ப் பக்கம் கொள்ளு வேகாத வீடு குறைவு. வெந்த தண்ணீரை இறுத்து ரசம் வைத்துவிட்டு, பருப்பைச் சீரகம், பூண்டு, வரமிளகாயோடு கடைந்தால் சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம். தறிக்குடோனில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவருக்குத் தெம்பான சாப்பாடு. எங்கள் தெரு அக்கா ஒருவர் இரண்டு மாதமாகக் கொள்ளையே வாங்குவதில்லை. "எனக்கும் பையனுக்கும் ஏ குரூப்புங்க. கொள்ளு தின்னா ரத்தம் கட்டிக்குமாமுங்க, வாட்ஸ்அப்புல வந்துச்சு" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

நம்பிக்கை: ஏ வகை ரத்தக்காரர்களுக்குக் கொள்ளு ஆகாது.

உண்மை: இந்தப் பேச்சுக்கு மெய்யான ஒரு வேர் உண்டு. பச்சைக் கொள்ளில் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது. சர்க்கரையைப் பார்த்துப் பிடிப்பதுதான் அதன் குணம். நம் செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் துண்டின் ஓரத்துக் குஞ்சம்போலத் தொங்குகின்றன. ஏ வகைச் சிவப்பணுவில் குஞ்சத்தின் கடைசி முடிச்சு என்-அசிட்டைல்கேலக்டோசமைன் என்ற சர்க்கரை. பி வகையில் கேலக்டோஸ். கொள்ளு லெக்டின் முதலாவதைத்தான் பிடிக்கும். அதற்குப் பிடிகள் ஒன்றுக்கு மேல் என்பதால் பக்கத்துப் பக்கத்துச் செல்களைச் சேர்த்துக் கட்டிவிடும். கண்ணாடித் தகட்டில் கொள்ளுச் சாறும் ஏ வகை ரத்தமும் ஒவ்வொரு துளி விட்டுக் கலந்து மெல்லச் சாய்த்தால், சிவப்பாகக் குருணை குருணையாகத் திரளும். 1951-இல் ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் இதைக் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். ஏ வகையிலேயே ஏ1-இல் அந்த முடிச்சுகள் மிக அதிகம், ஏ2-இல் குறைவு. அளவாக நீர்த்த சாறு ஏ1-ஐ மட்டும் திரட்டும். ரத்த வங்கிகளில் இவ்விரண்டையும் பிரித்தறிய இன்றும் கொள்ளு லெக்டின்தான் உதவுகிறது. நம் ஊர்க் கொள்ளுக்கு இது எவ்வளவு பெரிய கௌரவம்!

ஆனால் தகட்டில் இருப்பது பச்சைக் கொள்ளின் சாறு. தட்டில் இருப்பது வெந்த கொள்ளு. நன்றாகக் கொதித்தால் புரதத்தின் வடிவம் குலைந்து பிடி விட்டுப்போகும். ரத்த வகைக்கு ஏற்ற உணவு என்ற பேச்சைப் பரப்பியது பீட்டர் டி'அடாமோ 1996-இல் எழுதிய புத்தகம். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,455 பேரிடம் அதைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த உணவுமுறைகளால் கிடைத்த நன்மைக்கும் அவரவர் ரத்த வகைக்கும் சம்பந்தமே இல்லை.

நம்பிக்கை: லெக்டின் சர்க்கரையைப் பிடிப்பதால் கொள்ளு சுகரை இறக்கும்.

உண்மை: அது பிடிப்பது செல்லின் மேல் தொங்கும் சர்க்கரையை, சுகர் நோயில் ஏறுவது ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ். கொள்ளில் நார்ச்சத்து உண்டு, மெதுவாகச் செரிக்கும், நல்லதுதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சர்க்கரையைப் பிடிக்கும் இந்தக் குணம் கொள்ளுக்கு மட்டும் உரியதல்ல. நம் கல்லீரல் செல்களின் மேலேயே, கொள்ளு பிடிக்கும் அதே சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பி ஒன்று இருக்கிறது. கொலஸ்ட்ராலுக்குப் போடும் இன்கிளிசிரான் ஊசிமருந்து அந்தச் சர்க்கரையைச் சுமந்துதான் கல்லீரலுக்குள் நுழைகிறது.

பயப்பட வேண்டியது அரைவேக்காட்டு ராஜ்மாவுக்கு. அதன் லெக்டின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவெனக் கொதிக்க விடுங்கள்.

அக்கா, இன்றைக்கு ராத்திரியே கொள்ளை ஊறப்போடுங்கள். பையனுக்கும் தாராளமாகக் கொடுங்கள்.