கணுக்கால் முறிவுக்குப் பின் நடை: அவசரமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்



நமது மஹல்லாவில் ஒரு தாயார், மாவுக்கட்டு பிரித்த மறுநாளே பழைய பழக்கத்தில் உளூச் செய்யக் குழாயடிக்குப் போனார். ஈரத்தில் வழுக்கி, கூடிவந்த எலும்பு மீண்டும் முறிந்தது. இன்னொரு சகோதரர் இதற்கு நேர்மாறு. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கால் மெலிந்து, மூட்டு இறுகிவிட்டது. இருவரையும் நலம் விசாரித்து வந்த பிறகே இதை எழுதுகிறோம்.

எலும்பு கூடப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைப்பவர்களுக்கும் இன்னும் தாமதமாகலாம். கட்டுப் பிரித்ததாலேயே கால் பழையபடி ஆகிவிடாது. எப்போது, எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். 20 கிலோ வரை ஊன்றலாம் என்று அவர் சொன்னால், எடை பார்க்கும் மெஷின் மீது அந்தக் காலை வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். அந்த அளவு காலுக்குப் பழகிவிடும்.

நடக்கத் தொடங்கும்போது:

1. அக்குள் கட்டையில் பாரம் கையில்தான் இருக்க வேண்டும், அக்குளில் அல்ல. ஒற்றைக் கைத்தடிக்கு மாறியபின் அதை நல்ல கால் பக்கம் பிடியுங்கள்.

2. படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

3. ரப்பர் செருப்பு வேண்டாம். பின்வார் உள்ள, வழுக்காத காலணி அணியுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்தி, தரையை உலர வையுங்கள்.

4. மருத்துவர் அனுமதித்ததும் பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பழகுங்கள். மாலையில் வீக்கம் வருவது சில மாதங்கள் வரை இயல்பே. படுத்துத் தலையணை மீது காலை உயர்த்தி வையுங்கள். எண்ணெய் போட்டு முறுக்கித் தேய்க்க விடாதீர்கள்.

கெண்டைக்காலில் புதிய வலியோ வீக்கமோ, விரல்களில் மரப்போ நிறமாற்றமோ கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் நொடியும் தாமதிக்க வேண்டாம்.

தொழுகை இருப்பில் பாதத்தை மடிப்பது ஆறாத மூட்டுக்குப் பெரும் சுமை. நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு; ஆகவே நாற்காலியில் தொழுவதற்குக் கூச்சப்பட வேண்டாம். கட்டு இருக்கும்போது உளூவுக்கும் சலுகை இருக்கிறது. உங்கள் மத்ஹபின்படி அதன் விவரத்தை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவல்ல.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை: "இன்னுமா நடக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். பத்தடி நடந்தால் பக்கத்தில் நில்லுங்கள்.

வாக்கரும் ஊன்றுகோலும் தேவைப்படுவோர் நமது அலுவலகத்தில் இரவலாகப் பெறலாம். வேலை முடிந்ததும் திருப்பித் தாருங்கள். அடுத்த வீட்டில் ஒருவர் காத்திருக்கக்கூடும்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபா அருள்வானாக. ஆமீன்.