இரண்டு மணிக் கச்சேரிக்குப் போங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய கட்டுரைகளைப் படித்தேன். பத்திரிகைகளில் கச்சேரி விமர்சனத்துக்கு இடமே இல்லை, இனி எழுதி என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் சுருங்கியது உண்மைதான். முழுநீள விமர்சனம் அரைப் பத்தியாகி, அரைப் பத்தி படத்துக்குக் கீழே நாலு வரியாகிவிட்டது. கல்கி வார இதழே 2020இல் அச்சை நிறுத்திக்கொண்டது. ஆனால் உங்கள் முதல் கட்டுரையில் கல்யாணி கம்பீரமாக இருந்தது, சஹானா உருக்கியது, பக்கவாத்தியங்கள் பக்கபலமாக அமைந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எழுத அரங்குக்குப் போயிருக்கவே வேண்டாம்; பாட்டுப் பட்டியல் கையில் இருந்தால் போதும். இடம் போனதற்குப் பத்திரிகை முதலாளிகளை மட்டும் திட்ட எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான்.

ஒரு காலத்தில் விமர்சனத்துக்கு வேறு எதுவும் செய்ய முடியாத வேலை ஒன்று இருந்தது. 1930களில் திருநெல்வேலியில் இருந்த ஒரு ரசிகருக்குச் சென்னைக் கச்சேரி எப்படிப் போய்ச் சேரும்? இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் அடங்கும். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததே 1938இல். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் எழுத்தாளர் கல்கி எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதியைப் படித்துத்தான் அந்த ரசிகர் கச்சேரி கேட்டார். ராகத்தின் பெயர்கூடத் தெரியாதவர்களும் அதில் இருந்த சிரிப்புக்காகப் படித்தார்கள்.

சிரிப்பு மட்டுமா? கல்கி சண்டையும் போட்டார். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு ஏன் கடைசித் துக்கடாவாக ஒண்டிக்கொண்டிருக்கிறது என்பது அந்தச் சண்டை. 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்ததும் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் செல்வாக்கு இல்லாமல் நடந்திருக்காது. ஆனால் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசுகிறவரிடம் அந்த விவகாரத்தைக் கொண்டுபோனது பத்திரிகை எழுத்து. எதிர்த்தவர்களும் எழுதித்தான் எதிர்த்தார்கள். இன்று ஒரு கச்சேரியைப் பற்றி அப்படி யாராவது யாரோடாவது சண்டை போடுகிறார்களா, சொல்லுங்கள். பாடகரின் சமூக ஊடகப் பக்கத்தில் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக விழுகின்றன. பிடிக்காதவர் பேசாமல் போய்விடுகிறார்.

இடம் சுருங்கியது நம் ஊரில் மட்டுமல்ல. இங்கிலாந்தில் என்எம்இ இசைப் பத்திரிகை 2018இல் வாராந்தர அச்சை நிறுத்தியது. அமெரிக்காவில் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளத்தை 2024இல் ஜிக்யூ என்ற ஆண்கள் பத்திரிகைக்குள் சேர்த்துவிட்டார்கள். அங்கே பலருக்கு வேலை போனது. நம் ஊரில் அப்படியொரு வேலை இருந்ததே அபூர்வம். கல்கி ஒரு பத்திரிகை ஆசிரியர். 1933இலேயே வித்வான்களைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் போட்ட ஈ. கிருஷ்ண ஐயர் வக்கீல். விமர்சகர் சுப்புடு டெல்லியில் மத்திய அரசு ஊழியராக இருந்தவர். எனவே விமர்சனத்தை நம்பி அடுப்பெரியவில்லையே என்று வருந்தாதீர்கள், முன்னேயும் எரிந்ததில்லை. நாம் இழந்தது பிரதியைத் திருப்பி அனுப்பும் ஆசிரியரை. “உருக்கம் என்கிறீரே, எந்த இடத்தில்?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் நண்பர்களில் மிருதங்கம் தெரிந்த ஒருவரிடமும் சங்கீதமே தெரியாத ஒருவரிடமும் படித்துக் காட்டுங்கள். இரண்டு பேரும் வேண்டும்.

சுப்புடு என்றதும் எல்லோருக்கும் அவருடைய கிண்டல்தான் ஞாபகம். அவர் ஹார்மோனியம் வாசிப்பவர் என்பதை மறந்துவிட்டார்கள். அந்தக் காது இல்லாமல் நாக்கை மட்டும் கடன் வாங்கியவர்கள் பிற்பாடு எழுதியதெல்லாம் வெறும் வசவு. ஆகவே பாட்டு கற்றுக்கொள்ளுங்கள். மேடை ஏறுவதற்கு அல்ல. தோடியில் பஞ்சமத்தைத் தொடாமல் ஒருவர் எவ்வளவு நேரம் சுற்றி வந்தார், கடைசியில் அங்கே வந்து நின்றபோது என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரிவதற்கு. நிரவலுக்கு எந்த வரியை எடுத்தார், அந்த வரியின் சொற்கள் நசுங்காமல் வந்தனவா என்று எழுதுங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர் விமர்சகர் அல்ல. நீங்களும் தனியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். மிருதங்கக்காரருக்குப் பெயர் உண்டு.

மறுநாளே முழுக் கச்சேரியும் கைப்பேசிக்கு வந்துவிடும் காலத்தில் “என்ன பாடினார்” என்று சொல்ல உங்களை யாருக்கும் தேவையில்லை. ஆனால் ஒரு மார்கழியில் வந்து குவியும் பதிவுகளில் எதைக் கேட்பது, எந்த நிமிஷத்தில் காதைத் தீட்டிக்கொள்வது என்று சொல்ல ஆள் தேவை. முன்பைவிடக் கூடுதலாகவே தேவை.

சினிமாப் பாட்டையும் விட்டுவிடாதீர்கள். இளையராஜாவின் அன்னக்கிளி வந்தது 1976இல். அவர் ஆயிரம் படங்களைத் தாண்டிவிட்டார். அந்தப் பாட்டுகள் வெளிவந்த வாரத்தில் பட விமர்சனங்களில் இசைக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு வரி. பேஸ் கிட்டார் என்ன செய்கிறது என்று பொறுமையாக எழுதியவர்கள் வெகு பின்னால் வந்தார்கள், அவர்களும் சொற்பம்.

சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு வித்வானிடம் கற்கிறீர்கள். அவருடைய சிஷ்யர்களைப் பற்றி எழுதாதீர்கள். எழுதியே ஆகவேண்டுமென்றால் உறவை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சபா கொடுக்கும் பாஸ் பரவாயில்லை. பாடகர் அனுப்பும் ‘குறிப்பு’ கூடாது.

இந்த டிசம்பரில் மாலை ஆறு மணிக் கச்சேரிகளை விட்டுவிடுங்கள். அவற்றைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். பெரும்பாலான சபாக்களில் அப்போது டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. இருபது வயதுப் பெண் ஒருத்தி காலி நாற்காலிகளைப் பார்த்துப் பைரவி பாடிக்கொண்டிருப்பாள். அவளைப் பற்றி முந்நூறு சொற்கள் எழுதி அனுப்புங்கள். குறை இருந்தால் குறையையும் எழுதுங்கள். ‘தெய்வீகம்’ என்ற சொல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்