கை பழகட்டும், சான்றிதழும் சேரட்டும்



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் நம் பிள்ளைகள் சிலர் நேரே மெக்கானிக் ஷெட்டுக்கோ வெல்டிங் பட்டறைக்கோ போய்விடுகிறார்கள். உழைப்பதில் குறைவில்லை, தாவூத் நபி (அலை) அவர்களே இரும்பில் கவசம் செய்து, தம் கை உழைப்பில் உண்டவர்கள். ஆனால் பத்து வருடம் பட்டறையில் பழகியவரும் மறைமலை நகர், ஒரகடம் ஆலைகளுக்குப் போனால் முதலில் சான்றிதழைத்தான் கேட்பார்கள். அது இல்லாதவர் ஹெல்பராகவே நின்றுவிடுகிறார். வளைகுடா வேலைக்கும் இதே நிலைதான்.

அந்தச் சான்றிதழைத் தருவது ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையம். செங்கல்பட்டில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது; அச்சரப்பாக்கத்திலிருந்து ரயிலில் போய் வரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

வெல்டர் பிரிவு 1 வருடம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகள் 2 வருடம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும்.

இங்கே படிப்பின் பெரும்பகுதி பட்டறையில்தான். ஃபிட்டர் மாணவர் முதலில் ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சமமாக்குவார். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இடுக்கில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். கைக்கு அளவு பிடிபடுவது இப்படித்தான்.

தனியார் ஐ.டி.ஐ. என்றால் பணம் கட்டும் முன் இரண்டைப் பாருங்கள். நீங்கள் கேட்கும் பிரிவுக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா? பட்டறையில் இயந்திரங்கள் ஓடுகின்றனவா? துணி போர்த்தி வைத்த இயந்திரத்தில் யாரும் தொழில் பழக முடியாது.

பாதியில் வேலை கிடைத்தது என்று பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். இறுதித் தேர்வு எழுதினால்தான் தேசிய தொழிற்சான்றிதழ். அதன்பின் 1961-ஆம் வருட அப்ரண்டீஸ் சட்டப்படி ஆலையில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் 2 வருடப் பிரிவு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரவும் வழி உண்டு. ஏற்கெனவே பட்டறையில் பல வருடம் வேலை செய்பவர்கள் தனித்தேர்வராக விண்ணப்பிக்கலாம். அதற்கான தகுதியை ஐ.டி.ஐ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றுடன் நம் அறக்கட்டளைக்கு வாருங்கள். விண்ணப்பம் பூர்த்தி செய்ய உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

— செயலாளர்